தன்னைத்தானே நெருக்கும் மின்னோட்டம்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் ஹார்ட்லி வேல் என்றோர் ஊர் உண்டு. அங்கே முன்னொரு காலத்தில் மண்ணெண்ணெய் வடிக்கும் ஆலையொன்று இயங்கியது. அவ்வாலையின் இடிதாங்கியை ஒருகால் மின்னல் தாக்கிற்று. இடிதாங்கி தன் கடமையைச் செய்தது. ஆயினும் அதன் பகுதியாயிருந்த செப்புக் குழாய் பின்னர் விந்தையான உருவத்தோடு காணப்பட்டது. யாரோ வெளியிலிருந்து பலங்கொண்ட மட்டும் பிடித்து நசுக்கியது போல, அக்குழாய் உள்நோக்கி ஒடுங்கிக் கிடந்தது. சிட்னிப் பல்கலைக்கழகத்து அறிஞர்களாகிய பொலொக், பராக்கிளவ் என்னும் இருவரும் அதனை ஆராய்ந்து, 1905 ஆம் ஆண்டில் தமது முடிவை வெளியிட்டனர். குழாயை நசுக்கிய கை புறத்தேயிருந்து வந்ததன்று. குழாயினூடாகச் சென்ற மின்னோட்டமே அதனை நசுக்கிற்று என்பது அவர்கள் கண்ட முடிவு.

இதனை விளங்கிக்கொள்ள, உயர்தர வகுப்பு மாணவர் யாவரும் அறிந்த உண்மையொன்று போதும். ஒரே திசையில் மின்னோட்டம் செல்லும் இரு சமாந்தரக் கம்பிகள் ஒன்றையொன்று கவரும். 1820 ஆம் ஆண்டில் அம்பியர் கண்ட உண்மை இது. ஒரு தடித்த கடத்தியைப் பல மெல்லிய இழைகளின் கட்டு என எண்ணுவோமாயின், ஒவ்வோரிழையும் ஏனையவற்றைத் தன்பால் இழுக்கும். கட்டு முழுவதும் நடு அச்சை நோக்கி நெருங்க முயலும். வீட்டு விளக்கின் கம்பியிலும் இந்நெருக்கம் உண்டு. ஆனால் அங்கே ஓடுவது ஓர் அம்பியரின் சிறு பங்கேயாதலின் அஃது உணரப்படுவதில்லை. மின்னலைப் போன்ற பேரோட்டத்திலேயே அது தன் வலிமையைக் காட்டும்.

திரவ உலோகத்தினூடே பெரிய மின்னோட்டம் செலுத்தப்படும்போது, உலோகம் ஓரிடத்தில் இடை சிறுத்து, ஈற்றில் அறுந்துபோவதை ஹெரிங் என்னும் மின்பொறியியலாளர் கண்டார். கிள்ளுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லால் அவர் இதனைச் சுட்டினார், அப்பெயரே நிலைத்தது. நோர்த்திரப் என்பவர் 1907 இல் இதுபற்றி விரிவாக எழுதினார். கிள்ளுதல் எனும்போது இரு விரல்களே நம் நினைவுக்கு வரும். இவ்விசையோ எப்புறத்திலிருந்தும் ஒருங்கே வருவது. ஆதலின் நெருக்கம் என்றே இக்கட்டுரையில் அதனை வழங்குவேன். திரவம் ஓரிடத்தில் இடை சிறுத்து அறுந்தது என்பதை மட்டும் வாசகர் நினைவிற் கொள்க. பின்னர் வந்த தொல்லைகளுக்கெல்லாம் வித்து அங்கேயே இருந்தது.

வாயுவொன்றைப் போதிய அளவு சூடாக்கினால் அணுக்களிலிருந்து இலத்திரன்கள் பிரிந்து, மின்னைக் கடத்தும் அயனாகிய நிலை தோன்றும். இதுவே பிளாஸ்மா எனப்படுவது. பிளாஸ்மாத் தம்பமொன்றினூடே பேரோட்டத்தைச் செலுத்தினால் அதுவும் அச்சை நோக்கி நெருங்கும், நெருங்குந்தோறும் சூடேறும். சூடேறிய பொருள் எந்நிறத்தில் ஒளிரும் என்பது அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. கொல்லன் உலையிரும்பு ஏறத்தாழ ஆயிரம் பாகையில் செந்நிறமாக ஒளிர்கிறது. சூரியனின் மேற்பரப்பு ஆறாயிரம் பாகைக்குச் சற்றுக் குறைந்த வெப்பநிலையில் வெள்ளொளி தருகிறது. இருபது இலட்சம் பாகையை எட்டிய பொருளோ, கண்ணுக்குப் புலனாகும் ஒளியிலும் சில நூறு மடங்கு குறுகிய அலைநீளங்கொண்ட கதிர்களையே பெரிதும் வீசும். இவையே மென் எக்ஸ் கதிர்கள். மருத்துவமனையில் எலும்பைப் படமெடுக்கும் எக்ஸ் கதிர் உடலை ஊடுருவிச் செல்வது. மென்கதிரோ சிறிதளவு காற்றையும் கடக்கமாட்டாது உறிஞ்சப்படுவது. இக்குறைபாடே ஆய்வாளருக்கு அதன் சிறப்பு. எப்பொருள் மீது விழுகிறதோ அப்பொருளின் மேற்படையிலேயே தன் சக்தி முழுவதையும் இறக்கிவிடும் கதிர் அஃது.

பிளாஸ்மாவை நெருக்கிச் சூடாக்கலாம் என்ற எண்ணம் தோன்றியவுடன், சூரியனில் நிகழும் கருவிணைவைப் பூமியில் நிகழ்த்தும் ஆசையும் பிறந்தது. 1950 களில் இங்கிலாந்து, அமெரிக்கா, சோவியத் நாடு ஆகிய மூன்றிலும் இம்முயற்சி முனைந்து நடந்தது. இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வுகூடத்தில், வளையவடிவான பெரிய பாத்திரமொன்றில் தூத்தேரிய வாயுவை நிரப்பி நெருக்கிய சீற்றா என்னும் பொறி 1957 இல் இயங்கத் தொடங்கிற்று. அதிலிருந்து நியூத்திரன்கள் வெளிப்பட்டன. 1958 தை மாதத்தில், கருவிணைவு கைகூடிவிட்டது போலும் என்ற செய்தி பெரும் ஆரவாரத்துடன் உலகெங்கும் பரந்தது. நான்கு மாதங்கள் செல்லுமுன் அந்நம்பிக்கை கைவிடப்பட்டது. நியூத்திரன்கள் வந்தது மெய்; ஆனால் அவை எல்லாத் திசைகளிலும் ஒரே சக்தியுடன் வரவில்லை. பிளாஸ்மா முழுவதும் சூடேறியதால் அவை பிறந்திருப்பின் அங்ஙனம் வேறுபாடு தோன்றாது. பிளாஸ்மா குலைந்த இடங்களில் எழுந்த மின்புலங்கள் சில அயன்களை மட்டும் விரைவுபடுத்தி மோதவைத்ததன் விளைவே அது.

பிளாஸ்மா ஏன் குலைந்தது? விடை எளிது, பரிகாரமே அரிது. தம்பத்தின் ஓரிடம் தற்செயலாகச் சிறிது மெலிந்துவிட்டதென்க. ஆங்கே மின்னோட்டம் அச்சுக்கு அணித்தாகச் செல்வதால், மேற்பரப்பிலுள்ள காந்தப்புலம் வலுக்கிறது. அமுக்கமோ புலத்தின் வர்க்கத்துக்கேற்ப உயர்வது. ஆதலின் மெலிந்த இடம் மேலும் நெருக்கப்படும், மேலும் மெலியும், ஈற்றில் ஹெரிங் கண்ட உலோகம் போல அறுந்துபோகும். தம்பம் ஓரிடத்தில் வளைந்தாலும் அவ்வாறே: வளைவின் உட்புறத்தில் காந்தவிசைக் கோடுகள் நெருங்கி, வளைவை மேலும் வளைக்கும். சிறு பிழையைத் திருத்தாது பெருக்கிவிடுவது இந்நெருக்கத்தின் இயல்பு. இதனைக் கண்ட பலர், காந்தப்புலத்தை வேறு வடிவங்களில் அமைத்துப் பிளாஸ்மாவை நெடுநேரம் காக்கும் வழிகளை நாடிச் சென்றனர்.

எஞ்சியோர் சிலர் வேறுவிதமாக எண்ணினர். பிளாஸ்மா குலைவது உறுதியாயின், குலையுமுன் வேலையை முடித்துவிட்டாலென்ன? நெடுநேரம் காப்பது நோக்கமன்றி, ஒரு கணத்தில் ஒளிரச்செய்வதே நோக்கமாயின், விரைவு ஒன்றே வேண்டப்படுவது. இவ்வெண்ணத்திலிருந்தே துடிப்பு மின்வலுத் துறையின் எக்ஸ் கதிர் ஆராய்ச்சி வளர்ந்தது.

இங்கே சக்தி, வலு என்னும் இரண்டையும் மயங்காது பிரித்தறிதல் வேண்டும். நம் பரீட்சை விடைத்தாள்களில் இவ்விரண்டும் ஒன்றாகிவிடுவதை ஆசிரியர்கள் நன்கறிவர். வீட்டு மின்கட்டணப் பட்டியலில் ஓரலகு என்பது 36 இலட்சம் யூல் சக்தி. அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில், அல்புகேர்க்கி நகரிலுள்ள சண்டியா தேசிய ஆய்வுகூடத்தின் பெரும்பொறி, 1990 களின் பிற்பகுதியில் ஒருமுறை இயங்குவதற்குத் தன் ஒடுக்கிகளிற் சேமித்த சக்தி ஏறத்தாழ 114 இலட்சம் யூல். அதாவது மூன்று அலகுக்குச் சற்று மேல். அதிலிருந்து எக்ஸ் கதிராக வெளிப்பட்டது அரையலகு மட்டுமே. அச்சக்தியைக் கொண்டு ஏறத்தாழ ஆறு இலீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அதற்குமேல் ஒன்றுஞ் செய்ய இயலாது. ஆனால் அவ்வரையலகின் பெரும்பகுதி செக்கனின் நூறுகோடியிற் சில பங்கு நேரத்தில் வெளிப்பட்டமையால், அதன் வலு 200 இலட்சங்கோடி வாற்றை எட்டிற்று. அக்காலத்தில் உலகிலிருந்த மின்நிலையங்கள் அனைத்தினதும் வலுவைக் கூட்டினாலும் அது சில இலட்சங்கோடி வாற்றுக்கு மேற்படாது. இம்மாபெரும் எண்ணிற்குக் காரணம் காலத்தைச் சுருக்கியமையேயன்றிச் சக்தியைப் பெருக்கியமையன்று.

காலத்தைச் சுருக்குவதற்குரிய முதற்கருவி 1924 இல் ஜெர்மனியரான ஏர்வின் மார்க்ஸ் வகுத்தது. பல ஒடுக்கிகளைச் சமாந்தரமாக இணைத்து மெதுவாக மின்னேற்றி, பின் பொறி ஆளிகள் மூலம் அவற்றை ஒரே கணத்தில் தொடராக இணைத்துவிட்டால், அவற்றின் அழுத்தங்கள் யாவும் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்படும். சண்டியாவின் பொறியில் இத்தகைய தொகுதிகள் 36. தொகுதியொன்றில் ஒடுக்கிகள் 60. மின்னேற்ற நிமிடக்கணக்காகும், மின்னிறக்கமோ செக்கனின் பத்திலட்சத்தில் ஒரு பங்கு. அதுவும் மிக மெதுவானது! அதனை மேலும் பத்து மடங்கு சுருக்குவதற்குத் தண்ணீர் துணைசெய்கிறது. மின்பொறிக்குள் தண்ணீரா என வாசகர் வியக்கலாம். உப்பு முழுவதும் நீக்கிய தூய நீர், மிகக்குறுகிய நேரத்துக்கு மட்டும், நல்ல காவலி. அன்றியும் ஒரே பருமனுள்ள வெற்றிடத்திலும் எண்பது மடங்கு மின்னை அது தேக்கவல்லது. 1960 களில் இங்கிலாந்தின் ஓல்டர்மாஸ்ரன் ஆய்வுகூடத்தில் ஜே. சி. மார்ட்டின் என்பாரும் அவர்தம் தோழரும் இவ்வுண்மையைப் பயன்படுத்தும் முறைகளை வகுத்தனர். நீர் உடைந்து மின்பொறி பாயச் சிறிது நேரமாகும். அந்நேரத்துக்குள் துடிப்பு கடந்து சென்றுவிடும். அணை உடையுமுன் வெள்ளத்தை மதகு வழியே விட்டுவிடுவது போன்றது இது.

ஏறத்தாழ 33 மீற்றர் விட்டமுள்ள வட்டத்தொட்டியில், வெளிவளையத்து எண்ணெயில் ஒடுக்கிகளும், உள்வளையத்து நீரில் துடிப்பைச் சுருக்கும் பகுதிகளும், நட்டநடுவே வெற்றிட அறையும் அமைந்துள்ளன. முப்பத்தாறு துடிப்புகளும் வண்டிச் சில்லின் ஆரக்கால்கள் போல நடுவை நோக்கி ஒருங்கே விரைகின்றன. அங்கே சேரும்போது மின்னோட்டம் இரண்டு கோடி அம்பியர். அது உச்சத்தை அடைய எடுக்கும் நேரம் செக்கனின் கோடியில் ஒரு பங்கு. ஓட்டம் நிலைக்குத்தாக, அதாவது கேத்திரகணிதத்தில் இசட் அச்சு எனப்படும் திசையிற் செல்வதால், பொறிக்கு இசட் என்றே பெயராயிற்று.

உண்மையில் அப்பொறி இதற்காகக் கட்டப்பட்டதன்று. 1985 இல் முதன்முதல் இயங்கியபோது, அயன் கற்றைகளைச் சிறு குளிகையொன்றின் மீது குவித்துக் கருவிணைவு நிகழ்த்துவதே அதன் நோக்கம். கற்றைகளை வேண்டிய அளவு நுண்மையாகக் குவிக்க இயலவில்லை. அவ்வேளையில், அதே ஆய்வுகூடத்திலிருந்த சற்றேர்ண் என்னும் சிறிய பொறியிலிருந்து எதிர்பாராத செய்தியொன்று கிடைத்தது.

சற்றேர்ணில் நெருக்கப்பட்டது வாயுவன்று. வட்டமாக நிறுத்திய மெல்லிய அலுமினியக் கம்பிகள். மின்னோட்டம் பாய்ந்தவுடன் கம்பிகள் பிளாஸ்மாவாகி, ஒன்றையொன்று கவர்ந்து நடுவை நோக்கி விரையும். அச்சில் மோதியவுடன் தம் இயக்கசக்தியை வெப்பமாகவும் கதிராகவும் மாற்றும். கம்பிகளின் எண்ணிக்கையை மிகுத்து, அவற்றிடையேயுள்ள இடைவெளியைக் குறைத்துக்கொண்டே சென்றார் தொமஸ் சான்போர்ட் என்பவரும் அவர் குழுவினரும். முதலில் எக்ஸ் கதிரின் வலு மெதுவாகக் கூடிற்று. இடைவெளி ஓரெல்லைக்குக் கீழே குறைந்தவுடன் விரைந்து உயர்ந்தது. 20 இலட்சங்கோடி வாற்று மின்வலுவுள்ள பொறியிலிருந்து 40 இலட்சங்கோடி வாற்றுக் கதிர்வலு கிடைத்தது. உட்சென்றதிலும் மிகுதி வெளிவந்ததாகக் கொள்ளற்க. உட்சென்ற சக்தியின் ஒரு பகுதியே, அதனினும் குறுகிய நேரத்தில் வெளிவந்தது. 1996 இல் வெளியான இக்கண்டுபிடிப்பின் சிறப்பு அதன் எளிமையிலேயே இருக்கிறது. புதிய பொறியில்லை, புதிய பொருளில்லை, அதே உலோகத்தை மேலும் நுண்ணிய இழைகளாகப் பகிர்ந்ததொன்றே மாற்றம். பல்லாண்டுகளாக நெருக்கத்தைக் கெடுத்துவந்தது விசையின் குறைவன்று, தொடக்கத்திலிருந்த ஒழுங்கின்மையே என்பது அதனாற் புலனாயிற்று.

அவ்வாண்டிலேயே பெரும்பொறி கம்பிகளுக்கேற்ப மாற்றியமைக்கப்பட்டது. 4 சதமமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில் 240 தங்குதன் கம்பிகள். ஒவ்வொன்றும் தலைமயிரின் தடிப்பிற் பத்திலொரு பங்கு. உயரம் 2 சதமமீற்றர். ஒன்றுக்கொன்று இடைவெளி அரை மில்லிமீற்றர். அத்தனை கம்பிகளையும் சேர்த்து நிறுத்தால் நிறை 4 மில்லிகிராம். கம்பிகள் நிற்கும் வட்டத்தில் காந்த அமுக்கம் ஒன்றரை இலட்சம் வளிமண்டலத்துக்கு மேல். தம்பம் நெருங்கி ஆரை ஒரு மில்லிமீற்றராகும்போது, அவ்வோட்டமே பாய்வதாயின், அது ஆறு கோடி வளிமண்டலத்தை மிஞ்சும். இக்கம்பிச் சிலந்திவலையைக் கையினாலேயே கட்டுகின்றனர். ஒரு வெடிப்பில் அது முற்றாக அழியும். சுற்றியுள்ள உலோகப் பகுதிகளும் சிதையும். ஆதலின் நாளொன்றுக்கு ஒருமுறையளவே பொறியை இயக்கலாம். பின்னர் ஒன்றனுள் ஒன்றாக இரு கம்பிவட்டங்களை நிறுத்தி 280 இலட்சங்கோடி வாற்று வரை பெற்றனர்.

இனி, அளவீடு சரியாகவும் விளக்கம் பிழையாகவும் இருந்த கதை. கம்பிகள் நெருக்கமாக இருப்பின், அவை உருகி ஆவியாகி ஒன்றோடொன்று கலந்து, சீரான குழாய் போன்ற பிளாஸ்மாத் திரையாகி உள்நோக்கி விரைகின்றன என்றே முதலில் எண்ணினர். கணிப்புகளும் அதற்கு இசைந்தன. ஆனால் இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் மக்பை என்னும் சிறிய பொறியில், லெபடேவும் அவர் குழுவினரும் கம்பிகளைக் கணந்தோறும் படமெடுத்து நோக்கியபோது வேறொன்று புலப்பட்டது. கம்பிகள் உடனே நகரவில்லை. நெருங்குதற்கென எதிர்பார்த்த நேரத்தில் ஐந்தில் நான்கு பங்கு கழியும் வரை, அவற்றின் அடர்ந்த நடுப்பகுதிகள் நின்ற இடத்திலேயே நின்றன. அவற்றின் மேற்பரப்பிலிருந்து பிளாஸ்மா சிறிது சிறிதாக உரிந்து அச்சை நோக்கி ஓடிற்று. திரை நகர்ந்ததன்று, எரியும் திரிகளிலிருந்து புகை உள்ளே வீசியது போன்ற நிகழ்ச்சி அது. பெரும்பொறியில் உலகை வியக்கவைத்த எண் கிடைத்தது. அவ்வெண்ணின் பொருளை விளக்கும் பணியில் சிறிய பொறி பெரும்பங்கு கொண்டது.

வேறொரு புதிரும் எழுந்தது. கம்பிகள் அச்சில் மோதியபோது கொண்டிருந்த இயக்கசக்தியைக் கணக்கிட்டால், சில சோதனைகளில் வெளிப்பட்ட கதிர்ச்சக்தி அதனினும் மூன்று நான்கு மடங்காயிருந்தது. துருவேறா உருக்குக் கம்பிகளைக் கொண்டு நடத்திய சோதனையில் அயன்களின் வெப்பநிலை இருநூறு கோடிப் பாகையைக் கடந்ததென 2006 இல் அறிவிக்கப்பட்டது. இம்பீரியல் கல்லூரிப் பேராசிரியர் மல்கம் ஹெயின்ஸ் இதற்கு ஒரு விளக்கம் கூறினார். அச்சில் நெருங்கிய தம்பத்திலே மிக நுண்ணிய இடைசிறுத்தல்கள் எண்ணிறந்து தோன்றிக் கலங்குகின்றன. அக்கலக்கத்தின் உராய்வினால் காந்தசக்தி நேரே அயன்களின் வெப்பமாகிறது என்றார். சீற்றாவின் நம்பிக்கையைக் கெடுத்த அதே குலைவே இங்கே சூடேற்றும் வேலையைச் செய்கிறது என்பதாம்.

இவையெல்லாம் கோடிக்கணக்கில் பணம் கொட்டும் நாடுகளுக்கே உரியன என நம் மாணவர் சோர்வடைய வேண்டுவதில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் சிங் லீ என்னும் பேராசிரியர், வளர்முக நாடுகளிலிருந்து வந்த ஆய்வாளர்களைப் பயிற்றுவதற்கென 1980 களின் நடுப்பகுதியில் சிறிய பிளாஸ்மாக் குவியப் பொறியொன்றை அமைத்தார். 15,000 வோற்றுக்கு மின்னேற்றும் ஒரேயொரு ஒடுக்கி. சேமிப்பு ஏறத்தாழ 3,300 யூல். அதே நெருக்கம், அதே இடைசிறுத்தல், தூத்தேரியம் நிரப்பினால் நியூத்திரன், நியோன் நிரப்பினால் மென் எக்ஸ் கதிர் யாவும் அதிலுண்டு. பயின்றோர் அப்பொறியின் படிகளைத் தத்தம் நாடுகளுக்குக் கொண்டுசென்று ஆய்வுகூடங்கள் நிறுவினர். நம் கல்லூரிகளிலே பெருங்கருவி இல்லையென்று கைகட்டியிருக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று.

சண்டியாவின் பொறிக்குப் பணம் வந்த வழியையும் மறைத்தல் தகாது. அமெரிக்கா 1992 இல் அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தியபின், தன் கையிருப்பிலுள்ள ஆயுதங்களின் நிலையை ஆய்வுகூடத்திலேயே அறிவதற்கு இத்தகைய கதிர்மூலங்களை நாடிற்று. நிலத்தைப் பிளக்கும் சோதனையிலும் இது மேலானதே. ஆயினும் அதன் வேர் எங்கே உளதென்பதை அறிந்தே அதன் கனியைச் சுவைத்தல் வேண்டும். 2006 இல் தொடங்கிய புதுப்பிப்பின்பின் அதன் ஓட்டம் 2 கோடியே 60 இலட்சம் அம்பியராயிற்று.

அக்கனிகளுள் ஒன்று சூரியனைப் பற்றியது. சூரியனின் உட்பகுதியில் சக்தி கதிராகவே வெளிநோக்கி வருகிறது. ஆரையின் ஏறத்தாழ 71 சதவீதத்தில் கதிர்ப்பு பின்தங்க, கொதிக்கும் சோற்றுலை போல வாயு புரண்டெழுந்து சக்தியைச் சுமக்கத் தொடங்குகிறது. இவ்வெல்லை எங்கே உளது என்பதைச் சூரியனின் மேற்பரப்பு அதிர்வுகளிலிருந்து மிகத் திருத்தமாக அளந்துள்ளனர். ஆனால் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சூரியனிலுள்ள கரி, நைதரசன், ஒட்சிசன் ஆகியவற்றின் அளவுகள் குறைத்துத் திருத்தப்பட்டபின், கோட்பாடு கூறும் எல்லை அவ்வளவீட்டோடு பொருந்தவில்லை. சூரியப் பொருள் கதிரை மறிக்கும் திறன் நாம் எண்ணியதிலும் மிகுதியாயின் இவ்வேற்றுமை தீரும். எல்லையிலுள்ள மறிப்பில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு இரும்பினால் நேர்வது. ஆனால் இருபது இலட்சம் பாகையிலுள்ள இரும்பை எங்கே பெறுவது?

ஜேம்ஸ் பெய்லியும் அவர் குழுவினரும் மக்னீசியம் கலந்த மெல்லிய இரும்புத் தகட்டை நெருங்கும் பிளாஸ்மாவின் அருகே வைத்தனர். கம்பிகளிலிருந்து பிறந்த மென் எக்ஸ் கதிரே தகட்டைச் சூடாக்கிற்று. அதே கதிர் அதனை ஊடுருவி வரும்போது எவ்வலைநீளங்கள் எவ்வளவு குறைந்தன என்பதையும் காட்டிற்று. மக்னீசியத்தின் கோடுகள் வெப்பநிலையை அறிய உதவின. 2015 இல் வெளியான முடிவு: இரும்பின் மறிப்பு, கணித்ததிலும் அலைநீளத்துக்கேற்ப 30 முதல் 400 சதவீதம் வரை மிகுதி. சூரியப் புதிர் தீர்வதற்கு வேண்டிய மாற்றத்தில் ஏறத்தாழ அரைப்பங்கை இதுவொன்றே தந்துவிடும்.

ஆயினும் வழக்கு முடியவில்லை. பின்னர் அதே முறையில் குரோமியத்தையும் நிக்கலையும் அளந்து 2019 இல் வெளியிட்டனர். ஆவர்த்தன அட்டவணையில் இரும்புக்கு முன்னும் பின்னும் அணித்தாக நிற்கும் அவ்விரண்டும், குறுகிய அலைநீளப் பகுதியில் இரும்பைப் போன்ற மிகைமறிப்பைக் காட்டவில்லை. அளவீட்டில் பொதுவான வழு இருந்திருப்பின் மூன்றிலும் அது தோன்றியிருத்தல் வேண்டும். கோட்பாட்டிற் பொதுவான பிழை இருந்திருப்பினும் அவ்வாறே. இரும்பு மட்டும் தனித்து நிற்பதன் காரணத்தை அறிய, கலிபோர்ணியாவின் லிவர்மோர் ஆய்வுகூடத்தில், கம்பிகளுக்குப் பதிலாக லேசர் ஒளியால் இரும்பைச் சூடாக்கி அதே மறிப்பை அளக்கும் முயற்சியும் மேற்கொள்ளப்பட்டது.